நண்பர்களோடு ரேஸ் விட ஒரு ஆர்.சி. கார்: எதைப் பார்த்து வாங்குவது?

நாலு நண்பர்கள் சேர்ந்து ரிமோட் கார், அதாவது ஆர்.சி. கார், வாங்கலாம் என்று முடிவெடுத்தால், பேச்சு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். “இது எழுபதுல போகுமாம்டா.” “அது பிரஷ்லெஸ், தெரியுமா?” “என்னோடது ஃபோர் வீல் டிரைவ்.” ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு வேகம். முதல் ஞாயிறு ஒருவர் மட்டும் எல்லோரையும் விட்டுவிட்டுப் போவார், இருவர் சுவரில் மோதுவார்கள், நாலாமவரின் காருக்கு உதிரிபாகம் எங்கும் கிடைக்காது. மூன்றாவது ஞாயிறு மைதானத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஏறக்குறைய ஒரே மாதிரியான கார்கள் ஒன்றையொன்று துரத்தினால்தான் ரேஸ். எனவே எங்கே ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே சேஸி (காரின் அடிச்சட்டகம்), ஒரே மோட்டார், ஒரே டயர். கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம்.

இங்கே பேசுவது ஆன்-ரோடு கார்களைப் பற்றி மட்டும். தார், சிமெண்ட், கம்பளம் போன்ற சமதளத்தில் ஓடுவதற்காகச் செய்தவை இவை. வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே விரற்கடை இடைவெளிகூட இருக்காது. மண்ணிலும் புல்லிலும் ஓட்ட ஆசையென்றால் பக்கி வாங்குங்கள், அது வேறு உலகம்.

பொம்மையா, ஹாபி காரா?

கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பார்க்கவும் ஒன்றுபோலவே இருக்கும். பொம்மைக் காரின் ஸ்டியரிங்குக்குத் தெரிந்தவை முழு இடம், முழு வலம், நேர் என்ற மூன்றே நிலைகள். ஹாபி காரில் ரிமோட்டின் சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவுதான் முன்சக்கரம் திரும்பும். வேகமும் அப்படியே, விரலை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு. வளைவில் கோடு பிடித்து ஓட்ட இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் முடியாது.

இரண்டாவது வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பொம்மையில் எல்லாம் ஒரே மின்பலகை, ஒன்று போனால் எல்லாம் போச்சு. பெரும்பாலான ஹாபி கார்களில் ஒவ்வொன்றும் தனி உறுப்பு. ரிமோட்டின் சிக்னலை வாங்குவது ரிசீவர். முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்ப் பெட்டி சர்வோ. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்து விடுவது ஈ.எஸ்.சி., அதாவது மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம்.

கடையில் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. ரிமோட் சக்கரத்தை மெல்ல, கால்வாசி திருப்பிப் பாருங்கள். முன்சக்கரம் சட்டென்று ஓரத்துக்குத் தாவினால் அது பொம்மை. அடுத்து, “இந்தக் காருக்கு முன் சஸ்பென்ஷன் ஆர்ம் தனியாக் கிடைக்குமா?” என்று கேளுங்கள். முன்சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கை அது, மோதலில் முதலில் உடைவதும் அதுதான். கடைக்காரர் விழித்தால் அந்தக் காரை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இடத்தை அளந்த பிறகு அளவு

பெட்டியில் 1/10, 1/28 என்று போட்டிருப்பது நிஜக் காரோடு ஒப்பிட்ட அளவு. 1/10 டூரிங் கார், அதாவது நிஜச் சாலைக் கார் வடிவில் வரும் ஆன்-ரோடு கார், சுமார் 19 செ.மீ. அகலம், 40 செ.மீ.யை ஒட்டிய நீளம், பேட்டரியோடு ஒன்றரைக் கிலோவை நெருங்கும் எடை. 1/28 கார் உள்ளங்கையில் அடங்கும்.

இரண்டையும் ஒரே இடத்தில் ஓட்ட முடியாது. கரடான தார்த்தளத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லி, 1/28 காருக்குப் பாறை. அதன் வயிறு தரையிலிருந்து சில மில்லிமீட்டர்தான். அதற்கு வழவழப்பான தரை வேண்டும்: பெரிய ஹால், கம்பளம், உள்ளரங்க பேட்மிண்டன் மைதானம். 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பேட்மிண்டன் கோர்ட்டில் அருமையான மினி டிராக் போடலாம். 1/10 காருக்கு அந்த இடம் கோழிக்கூண்டு. குறைந்தது ஒரு பாஸ்கெட்பால் மைதானமாவது, அதாவது 28-க்கு 15 மீட்டர், தேவைப்படும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கைப் பலரும் நினைப்பார்கள். தரை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தூசி படிந்த பூச்சுத் தரையில் பிடிமானம் கிடைக்காது, தூண்கள் விட்டுக்கொடுக்காது. தெரு வேண்டவே வேண்டாம். ஸ்கூட்டரில் வருபவருக்குக் கணுக்கால் உயரத்தில் பாயும் கார் கண்ணில் படாது.

ஆக, உள்ளரங்கம் என்றால் 1/28, திறந்த சிமெண்ட் அல்லது தார் மைதானம் என்றால் 1/10. இடம் உறுதியாகும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

வேகக் கணக்கு

மணிக்கு 23 கி.மீ. என்றால் நொடிக்கு 6.4 மீட்டர். அந்த வேகத்தில் பாஸ்கெட்பால் மைதானத்தின் முழு நீளத்தையும் கடக்க நாலரை நொடி ஆகாது. 50 கி.மீ.யில் இரண்டே நொடி. 70 கி.மீ.யில் ஒன்றரை நொடிக்கும் குறைவு. அதற்குள் வேகமெடுத்து, பிரேக் பிடித்து, வளைவில் திருப்பவும் வேண்டும். எதிர்முனையில் கார் உங்களைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் வேறு தலைகீழாகிவிடும். புதிதாக ஓட்டுபவரின் மூளைக்கு இதெல்லாம் பழக நாளாகும்.

மோதலின் கணக்கு இன்னும் கொடியது. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 23-லிருந்து 50-க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும், அடியோ ஐந்து மடங்கை நெருங்கும். முன்னதில் பம்பர் வாங்கிக்கொள்வதைப் பின்னதில் சஸ்பென்ஷன் ஆர்ம் வாங்கும்.

‘ஸ்கேல் ஸ்பீடு 230’ என்று எங்காவது பார்த்தால் ஏமாற வேண்டாம். நிஜ வேகத்தைப் பத்தால் பெருக்கிய எண் அது. தொடக்கத்துக்கு 20 முதல் 30 கி.மீ. நிஜ வேகம் தாராளம். நால்வரும் சேர்ந்து 25-இல் ஓட்டும் ரேஸ், ஒருவர் 60-இல் தனியாக ஓட்டுவதைவிட எத்தனையோ மடங்கு சுவாரசியம்.

மோட்டார்: 540, டர்ன், கே.வி.

மூன்று எண்கள் ஆளைக் குழப்பும். 540 என்பது சக்தியைக் குறிப்பதில்லை. அது மோட்டாரின் உடல் அளவு, சுமார் 36 மி.மீ. விட்டம். சாதுவான மோட்டாரும் மூர்க்கமான மோட்டாரும் அதே 540 உடலில் வரும்.

டர்ன் என்பது உள்ளே கம்பி எத்தனை சுற்று சுற்றப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. சுற்று குறையக் குறைய மோட்டார் வேகமாகச் சுழலும், மின்சாரத்தையும் அதிகம் குடிக்கும். 27 டர்ன் அமைதியானது, 13 டர்ன் ஆவேசமானது. கே.வி. என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுழற்சி, சுமையில்லாமல், என்ற எண். 3300 கே.வி. மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் 24,420 சுழற்சி.

பிரஷ்டு மோட்டாரில் கார்பன் துண்டுகள் சுழலும் பகுதியை உரசி மின்சாரம் தருகின்றன. உரசுவதால் தேயும், தேய்ந்தால் மோட்டார் மந்தமாகும். பிரஷ்லெஸ் மோட்டாரில் உரசல் கிடையாது, மின்சாரத்தை மாற்றி மாற்றி விடும் வேலையை ஈ.எஸ்.சி. செய்கிறது. அதனால் ஆயுளும் திறனும் கூடுதல், விலையும் கூடுதல். பிரஷ்லெஸ் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நண்பர்கள் ரேஸில் அது ஒரு வம்பைக் கொண்டுவரும்: ஆளுக்கொரு கே.வி. வாங்குவார்கள். ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் கிட்களோடு (நாமே கட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்புகள்) வரும் சாதாரண 540 மோட்டாரை, வெள்ளி நிற உடலுக்காக ‘சில்வர் கேன்’ என்பார்கள். மலிவானது, மெதுவானது, எல்லோரிடமும் ஒன்றுபோல இருப்பது. என் ஓட்டு அதற்குத்தான்.

பினியன், ஸ்பர், இறுதி விகிதம்

மோட்டார் மட்டும் வேகத்தை முடிவு செய்வதில்லை. கியர் சைக்கிளில் பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டால் மேடு ஏறச் சுலபம், ஆனால் வேகம் வராது. சின்னது போட்டால் சமதளத்தில் பறக்கலாம், மேட்டில் முழங்கால் கழன்றுவிடும். ஆர்.சி. காரிலும் இதே பேரம்தான். மோட்டார் அச்சில் இருக்கும் சிறு பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் ஸ்பர். இவற்றோடு காரின் உள்கியர்களையும் சேர்த்து, சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே இறுதி விகிதம்.

டாமியாவின் டி.டி.-02 சேஸியை எடுத்துக்கொள்வோம். ஸ்பர் 70 பல், கிட் பினியன் 22 பல், உள்விகிதம் 2.6. எழுபதை இருபத்திரண்டால் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 8.27. சில்வர் கேன் 7.2 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்குச் சுமார் 15,800 சுற்று சுற்றும். 8.27-ஆல் வகுத்தால் சக்கரத்துக்கு 1,910 சுற்று. டயரின் விட்டம் சுமார் 64 மி.மீ., ஆகவே ஒரு சுற்றுக்கு 20 செ.மீ. நகரும். நிமிடத்துக்கு 384 மீட்டர், மணிக்கு 23 கி.மீ. மேலே சொன்ன 23 இங்கிருந்து வந்ததுதான்.

பினியனை 25 பல்லாக்கினால் விகிதம் 7.28 ஆகும், உச்ச வேகம் பதினாலு சதவீதம் ஏறும். விலை? மோட்டார் கூடுதலாக இழுக்க வேண்டும், சூடாகும். சின்ன டிராக்கில் அந்த உச்ச வேகத்தைத் தொடும் நேரமே கிடைக்காது. ஆக வேகமும் வராது, சூடு மட்டும் மிஞ்சும். ஓட்டி முடித்ததும் மோட்டார் உடலில் விரலை வையுங்கள். மூன்று நொடி தாங்க முடியவில்லை என்றால் பினியனில் ஒன்றிரண்டு பல்லைக் குறையுங்கள். சித்திரை வெயிலில் இந்தச் சோதனையை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் செய்வது நல்லது, ஏனென்றால் அளவுக்கு மீறிய சூட்டில் காந்தம் பலமிழக்கும், பிறகு அது திரும்பாது.

சுருக்கம்: டர்னும் கே.வி.யும் மோட்டாரின் குணம். பினியனும் ஸ்பரும் அந்தக் குணத்தைச் சாலைக்கு ஏற்ப மாற்றுபவை. ரேஸில் இரண்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எந்தச் சக்கரம் இழுக்க வேண்டும்?

நாலு சக்கர இழுவை உள்ள டூரிங் கார் புதியவரை மன்னிக்கும். விரலை அவசரமாக அழுத்தினாலும் கார் பெரும்பாலும் நேராகவே போகும். முன்சக்கர இழுவை, டாமியாவின் எம்-05, எம்-07 போன்ற சிறு கார்களில் இருப்பது. வளைவில் வேகம் கூடினால் வெளிப்பக்கம் அகன்று போகும். விரலைத் தளர்த்தினால் உள்ளே வந்துவிடும், அதனால் இதையும் சீக்கிரம் பழகலாம். 210 முதல் 239 மி.மீ. வரையிலான குறுகிய முன்-பின் சக்கர இடைவெளி என்பதால் சிறிய மைதானத்துக்கு இவை கச்சிதம். பின்சக்கர இழுவையில் வளைவின் நடுவே விரல் கொஞ்சம் கனத்தாலும் கார் பம்பரமாகிவிடும். பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிரிஃப்ட் கார்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பார்க்க டூரிங் கார் போலவே இருக்கும், விலையும் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அவற்றின் டயர் வழுக்குவதற்கென்றே செய்த கெட்டிப் பிளாஸ்டிக். பக்கவாட்டில் சறுக்கிப் போவதுதான் அங்கே கலை, சுற்று நேரத்தைக் குறைப்பது இல்லை. நைட்ரோ எரிபொருள் கார்களையும் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். சத்தத்துக்கே மைதானத்தில் இருந்து துரத்துவார்கள்.

டிஃபரென்ஷியல் என்ற சொல் அடிக்கடி வரும். காரைத் தூக்கிப் பிடித்து ஸ்பர் சுழலாமல் நிறுத்தி, ஒரு பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் பின்னோக்கிச் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரத்துக்குத் தூரம் குறைவு. இருவரையும் அவரவர் வேகத்தில் ஓடவிடும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரென்ஷியல். தொடக்கத்தில் கிட்டில் சொன்ன கிரீஸை மட்டும் வைத்து மூடிவிடுங்கள்.

டயர், எல்லோரும் மறக்கும் உறுப்பு

தரையைத் தொடுவது டயர் மட்டும்தான். மோட்டாருக்குச் செலவழிப்பதைவிட டயருக்குச் செலவழித்தால் சுற்று நேரம் குறையும். 1/10 டூரிங் காரில் சக்கரம் 12 மி.மீ. அறுகோண அச்சில் உட்காரும். இது பொது அளவு என்பதால் எந்த நிறுவனத்தின் டூரிங் டயரும் பொருந்தும். ரப்பருக்குள் ஒரு நுரைவளையம் இருக்கும், அதுவே காற்றின் வேலையைச் செய்கிறது.

டயரை ரிம்மில் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் ஓட்டினால் ரிம் மட்டும் உள்ளே சுழலும், வளைவில் டயர் பிதுங்கிக் கழன்றுகொள்ளும். ஃபெவிக்விக் வகைப் பசை போதும். ரப்பரின் விளிம்பை விரலால் விலக்கி, நாலு இடத்தில் ஒரு துளி, பிறகு மறுபக்கம். ரப்பரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசையை முன்பே துடைக்காவிட்டால் பிடிக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஈரத்துணியால் டயரைத் துடைப்பதும் பழக்கமாகட்டும். தூசி படிந்த டயரும் புது டயரும் இரண்டு வேறு கார்கள்.

பேட்டரி

நிக்கல் வகை, அதாவது நை.எம்.எச்., ஆறு செல்லோடு 7.2 வோல்ட். முரட்டுத்தனத்தைப் பொறுக்கும். லிப்போ, இரண்டு செல் 7.4 வோல்ட், எடை குறைவு, கடைசிவரை சுறுசுறுப்பு. ஆனால் விதிகள் உண்டு. முழுச் சார்ஜில் 8.4 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ஒரு செல் 3.2 வோல்ட்டுக்குக் கீழே போவதற்குள் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் மோட்டாரை நிறுத்தும் வசதி ஈ.எஸ்.சி.யில் இருக்கிறதா என்று பாருங்கள், பல தொடக்கநிலைக் கருவிகளில் இருக்காது. சிலவற்றில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க, இடம் மாற்றிச் செருகும் ஒரு சிறு ஜம்பர் இருக்கும், அதை லிப்போ பக்கம் மாற்ற மறந்தால் பேட்டரி பாழ்.

3000 மில்லியாம்ப்-மணி பேட்டரியை 3 ஆம்பியரில், செல்களைச் சமன் செய்யும் சார்ஜரில் போடுங்கள். வாரக்கணக்கில் வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பினால் மீண்டும் சார்ஜ் போடக்கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

சரி, எதை வாங்குவது?

திறந்த மைதானம் என்றால் டாமியா டி.டி.-02. 2013-இல் வந்த சேஸி. தண்டு வழியாக நாலு சக்கரத்துக்கும் இழுவை, அடைத்த கியர்ப்பெட்டி, அதனால் மணல்துகளும் கியருக்குள் எளிதில் புகாது. 1976-இல் போர்ஷே 934-ஐ முதல் ஆர்.சி. காராக வெளியிட்ட ஜப்பானிய நிறுவனம் அது, உதிரிபாகம் உலகமெங்கும் புழங்குகிறது. இடம் சிறியதென்றால் அதே நிறுவனத்தின் எம் வரிசை. உள்ளரங்கம் என்றால் 1999 முதல் வரும் கியோஷோ மினி-ஸீ, கைக்கு அடங்கிய செலவு வேண்டுமென்றால் டபிள்யூ.எல். டாய்ஸின் 1/28 கார்கள்.

டி.டி.-02 கிட்டில் மோட்டார் இருக்கும், பல பதிப்புகளில் ஈ.எஸ்.சி.யும் இருக்கும். ரிமோட், ரிசீவர், சர்வோ, பேட்டரி, சார்ஜர், பெயிண்ட் ஆகியவை தனி. பலர் கிட் விலையை மட்டும் பார்த்துவிட்டு இங்கேதான் திணறுகிறார்கள். முதல் நாளே செய்ய வேண்டிய ஒரே மேம்பாடு பால் பேரிங். கிட்டில் வரும் பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதிலாக, பெரும்பாலும் 11-க்கு 5 மி.மீ. அளவில். உராய்வு குறையும், தூசியில் அச்சு தேயாது. பட்ஜெட்டில் உதிரி முன் ஆர்ம் ஒரு ஜோடியையும் சேருங்கள்.

இந்தியாவில் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 60 சதவீதமாகவும் 2023-இல் 70 சதவீதமாகவும் ஏறியது. வெளிநாட்டுத் தளத்தில் மலிவாகத் தெரியும் விலையை நம்பி வரவழைக்குமுன் இதைக் கணக்கில் வையுங்கள்.

கட்டும்போது கெடுவது

டாமியா திருகுகளின் தலை ஜப்பானிய ஜே.ஐ.எஸ். வடிவம். வீட்டிலிருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் வழுக்கித் தலையை மழுக்கிவிடும். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை, எதிர்ப்புக் கிடைத்ததும் நிறுத்துங்கள். அரைச் சுற்று கூடுதலாகப் போனால் பிளாஸ்டிக்கில் மரை அழிந்துவிடும்.

சர்வோவின் அச்சில் அதன் திருப்புக்கையைப் பொருத்துமுன் ரிமோட்டையும் காரையும் ஆன் செய்து, ரிமோட்டில் ஸ்டியரிங்கின் நடுநிலையைச் சரிசெய்யும் டிரிம்மைச் சுழியத்தில் வைத்து, சர்வோ நடுவே வந்து நின்ற பிறகே பொருத்த வேண்டும். இதைத் தவறவிட்டால் கார் என்றென்றும் ஒருபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். டிஃபரென்ஷியலைத் திருப்பி வைத்துவிட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் எதிரெதிர்த் திசையில் சுழலும். மூடியைத் திருகுமுன் கையால் ஒரு சக்கர ஜோடியைச் சுழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மேலுடல் பாலிகார்பனேட். உட்புறத்தில் அதற்குரிய பெயிண்டையே அடிக்க வேண்டும், டாமியாவில் பி.எஸ். வரிசை. ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிரும்.

ரேஸ் நாள்

ஐந்து நிமிட ஓட்டம் என்பது ஆர்.சி. ரேஸில் வழக்கம். கவனம் சிதறாமல் இருக்கவும் மோட்டார் ஆறவும் அது சரியான அளவு. தோட்டக் குழாயைத் தரையில் படுக்கவைத்தால் வளைவின் எல்லை ரெடி. மரக்கட்டையும் செங்கல்லும் வேண்டாம். ஓட்டாதவர் மைதானத்துக்குள் நின்று கவிழ்ந்த கார்களை நிமிர்த்த வேண்டும். ரிவர்ஸை அணைத்துவிடுங்கள், பிறகு எதிரே வரும் காரில் யாரும் இடிக்கமாட்டார்கள்.

ஆன் செய்யும்போது ரிமோட் முதலில், கார் அடுத்து. அணைக்கும்போது கார் முதலில். சிக்னல் துண்டித்தால் மோட்டார் நிற்கும் ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் இந்த வரிசையை ஒருமுறை மீறலாம். காரைத் தூக்கிப் பிடித்து, சக்கரம் மெல்லச் சுழலும்போது ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நிற்காவிட்டால் அந்தக் கார் அன்று மைதானத்தில் இறங்கக்கூடாது, சொந்தக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே சில்வர் கேன் மோட்டார்களுக்குள் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். “அவனோட மோட்டார் ஸ்பெஷல்” என்ற பேச்சு எழுந்தால், எல்லா மோட்டாரையும் கழற்றி ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு திருகு, இரண்டு கம்பி, பத்து நிமிட வேலை.